கையொப்பத்தில் ஒரு லோகோ, அதற்குப் பின்னால் இரண்டு முகவரிகள்

அலுவலக மெயில் ஒன்று வருகிறது. அட்டாச்மென்ட் இருப்பதாகக் காட்டும் கிளிப் குறி பக்கத்திலேயே தெரிகிறது. இன்வாய்ஸ் வந்துவிட்டது என்று திறந்தால், உள்ளே இருப்பது இமேஜ்001.பிஎன்ஜி என்ற ஒரே ஒரு ஃபைல். அதுவும் மெயிலின் அடியில் பெயர், பதவி, தொலைபேசி எண்ணோடு வரும் கையொப்பத்தில் அனுப்பியவர் வைத்த நிறுவன லோகோ. இன்னொரு மெயிலில் லோகோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டமும் அதன் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும். வேறொன்றில் லோகோ அழகாகத் தெரிகிறது, தொட்டால் எங்கும் போகவில்லை. இந்த மூன்று மெயிலும் அனுப்பியவரின் திரையில் சரியாகத்தான் தெரிந்திருக்கும். இத்தகைய கோளாறுகள் வருடக்கணக்கில் அப்படியே ஓடுவதற்கு அதுதான் காரணம். பார்ப்பவர் சொல்வதில்லை, அனுப்புபவருக்குத் தெரிவதில்லை.

மெயிலில் ஒரு படத்தை வைத்து அதற்கு லிங்க் கொடுப்பது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் இரண்டு முகவரிகள் இருக்கின்றன. படம் எங்கிருந்து வர வேண்டும் என்பது ஒன்று. படத்தைத் தொட்டால் எங்கே போக வேண்டும் என்பது மற்றொன்று. மெயிலின் தோற்றத்தை டேக் எனப்படும் குறிகளால் எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் முதலாவதை இமேஜ் டேகின் எஸ்ஆர்சி என்ற இடத்தில் எழுதுவார்கள்; இரண்டாவதை, படத்தைச் சுற்றிப் போடும் ஏ டேகின் ஹெச்ரெஃப் என்ற இடத்தில். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்று வேலை செய்து மற்றது செத்துப் போயிருக்கலாம். லிங்க் கொடுப்பது என்றதும் எல்லோரும் யோசிப்பது இரண்டாவதைப் பற்றி. சிக்கல்களில் பெரும்பகுதி முதலாவதில் இருக்கிறது.

அது புரிய, மெயிலுக்குள் படம் வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகளில் படத்துக்கு இடமே இல்லை. ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் அடங்கிய 7 பிட் உரை மட்டுமே அதில் போகும். தமிழும் போகாது, படமும் போகாது. பத்து வருடம் கழித்து, 1992இல், நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து மைம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் மார்ச் 11ஆம் தேதி, தான் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் போரன்ஸ்டைன் ஒரு மெயிலில் இணைத்து அனுப்பினார். இன்று நாம் அட்டாச்மென்ட் என்று சொல்வதெல்லாம் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நடக்கிறது.

மைம் செய்த தந்திரம் எளிமையானது. படத்தின் பைட்டுகளை மூன்று மூன்றாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றிவிடுகிறது. இதற்கு பேஸ்64 என்று பெயர். மெயில் சர்வருக்கு அது வெறும் எழுத்துக் குவியல். பெறுபவரின் மென்பொருள் அதைத் திரும்பப் படமாக்கிக்கொள்ளும். விலை என்னவென்றால் எடை கூடும். மூன்று நான்காவதால் மூன்றில் ஒரு பங்கு, வரி முறிவுகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 30 கேபி லோகோ மெயிலில் ஏறும்போது சுமார் 41 கேபி ஆகிவிடும்.

அப்படி மெயிலோடு சேர்ந்து போகும் படத்தை உரைக்கு நடுவில் காட்ட ஒரு வழி வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் மெயிலுக்குள்ளேயே ஓர் அடையாளப் பெயர் கொடுக்கிறார்கள். கன்டென்ட் ஐடி என்பது அதுதான். எஸ்ஆர்சியில் இணைய முகவரிக்குப் பதிலாக சிஐடி என்று தொடங்கி அந்தப் பெயரை எழுதினால், மென்பொருள் வெளியே எங்கும் போகாமல் அதே மெயிலின் இன்னொரு பகுதியிலிருந்து படத்தை எடுத்துக் காட்டும். மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக் இப்படித்தான் செய்கிறது. கையொப்பத்தில் நீங்கள் வைத்த முதல் படத்துக்கு அதுவே இமேஜ்001 என்று பெயர் சூட்டும், அடுத்ததற்கு இமேஜ்002. பெறுபவரின் மென்பொருள் அந்த அடையாளத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால், அல்லது எல்லா இணைப்புகளையும் பட்டியலிட்டுக் காட்டும் பழக்கமுள்ளதாக இருந்தால், லோகோ அட்டாச்மென்டாகத் தலைகாட்டும். முதலில் சொன்ன கிளிப் குறியின் ரகசியம் இவ்வளவுதான்.

உள்ளே வைத்து அனுப்புவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. இணையம் இல்லாமலும் தெரியும்; படங்களைத் தடுத்து வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் தெரியும்; பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் தெரியும். கேடு என்னவென்றால் ஒவ்வொரு பதிலிலும் அது திரும்பத் திரும்ப ஏறும். ஒரு லோகோ, ஃபேஸ்புக், லிங்க்ட்இன், யூடியூப், வாட்ஸ்அப் என நான்கு ஐகான்கள், ஆக ஒரு கையொப்பத்துக்கு ஐந்து படம். இருவரும் மாறி மாறி ஆறு தடவை பதில் எழுதினால், அந்த மெயில் தொடருக்குள் முப்பது படங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் உண்மையான அட்டாச்மென்டைத் தேடும் கணக்காளரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. படத்தின் பேஸ்64 எழுத்துகளை அப்படியே எஸ்ஆர்சிக்குள் கொட்டிவிடுவது. டேட்டா யூஆர்ஐ என்பார்கள். வலைப்பக்கங்களில் நன்றாக வேலை செய்யும். ஜிமெயில் இதைக் காட்டாது, விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக்கும் காட்டாது. எனவே மெயிலுக்கு இது உதவாது, விட்டுவிடலாம்.

மிஞ்சுவது லிங்க் படம். மெயிலில் படம் இருக்காது, படத்தின் முகவரி மட்டும் இருக்கும். பெறுபவர் மெயிலைத் திறக்கும்போதுதான் அவருடைய மென்பொருள் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தைக் கொண்டுவரும். மெயில் எடை குறைவு, கிளிப் குறி வராது, நூறு பேரின் கையொப்பத்தில் இருக்கும் லோகோவை சர்வரில் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். நிறுவனங்கள் டெம்ப்ளேட்களில், அதாவது முன்கூட்டியே செய்து வைத்த மெயில் மாதிரிகளில், இதையே விரும்புவதற்கு இவைதான் காரணம்.

ஆனால் "திறக்கும்போது போய்க் கொண்டுவரும்" என்பதில்தான் எல்லா வம்பும் தொடங்குகிறது. ஒரு சர்வரிடம் படம் கேட்டால், கேட்டவரின் ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), கேட்ட நேரம், எந்த மென்பொருள் என்ற விவரம் எல்லாம் அங்கே பதிவாகும். ஒவ்வொருவருக்கும் அனுப்பும் மெயிலில் படத்தின் முகவரியைக் கொஞ்சம் மாற்றி வைத்தால், யார் எப்போது திறந்தார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். படம் கண்ணுக்குத் தெரியவே வேண்டியதில்லை. ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், நிறமே இல்லாத ஜிஃப் போதும். விளம்பர மெயில்களில் இருக்கும் டிராக்கிங் பிக்சல் இதுவே. ஸ்பாம் அனுப்புபவர்களுக்கு இது இன்னும் இனிப்பு. எந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று படமே சொல்லிக் கொடுத்துவிடும்.

இதற்கு எதிராக மூன்று பெரிய நிறுவனங்கள் மூன்று விதமாக நடந்துகொண்டன. அவுட்லுக் 2003இல் மைக்ரோசாஃப்ட் வெளிப் படங்களை இயல்பாகவே தடுத்தது. பெறுபவரே "படங்களை இறக்கு" என்று சொன்னால்தான் தெரியும். அந்தக் கட்டமும் பெருக்கல் குறியும் இங்கிருந்து வந்தவை. கூகுள் 2013 டிசம்பரில் எதிர்த் திசையில் போனது. படங்களைத் தானாகவே காட்டத் தொடங்கியது, ஆனால் பெறுபவரின் கணினி நேராகப் போய்க் கேட்காது. கூகுளின் சர்வர் நடுவில் நின்று படத்தை வாங்கித் தன் முகவரியிலிருந்து கொடுக்கும். அனுப்பியவருக்குப் பெறுபவரின் ஐபி தெரியாது. ஆப்பிள் 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் மெயில் பிரைவசி புரொடெக்‌ஷன் என்ற வசதியைக் கொடுத்தது. அதை இயக்கி வைத்தவர்களின் மெயில்களில், அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், படங்கள் பின்னணியில் ஆப்பிளின் இடைச் சர்வர்கள் வழியாக இறங்கிவிடும். எல்லா மெயிலும் திறக்கப்பட்டதாகத் தெரிந்தால் எதுவுமே திறக்கப்பட்டதாகத் தெரியாது. "எத்தனை பேர் திறந்தார்கள்" என்ற சந்தைப்படுத்தல் கணக்கு அன்றிலிருந்து நம்பத்தக்கதாக இல்லை.

சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி ரகசியக் குறியீடு செய்த மெயில்களைக்கூட இந்தப் பட முகவரி காட்டிக் கொடுத்திருக்கிறது. 2018 மே மாதம் ஜெர்மனியின் முன்ஸ்டர் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு ஆய்வாளர்களும் சேர்ந்து ஈஃபெயில் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். தாக்குபவர் முதலில் குறியீடு செய்யப்பட்ட ஒரு பழைய மெயிலை எப்படியாவது கைப்பற்றுகிறார். பிறகு அதை நடுவில் வைத்து ஒரு புதிய மெயில் தயாரிக்கிறார். மேல் பகுதியில் ஓர் இமேஜ் டேக், அதன் எஸ்ஆர்சியில் தன் சர்வர் முகவரி, மேற்கோள் குறியை மூடாமல் விட்டுவிடுகிறார். நடுவில் குறியீடு செய்த பகுதி. கீழே அந்த மேற்கோள் குறியை மூடும் ஒரு துண்டு. பெறுபவரின் மென்பொருள் நடுப் பகுதியை அவருடைய சாவியால் திறந்து, மூன்றையும் ஒட்டி ஒரே பக்கமாகக் காட்டப் பார்க்கும். இப்போது ரகசியக் கடிதம் முழுவதும் படத்தின் முகவரியில் ஒரு பகுதியாகிவிடுகிறது. படத்தைக் கேட்கப் போகும் மென்பொருள், கடிதத்தையும் சேர்த்துத் தாக்குபவரின் சர்வரில் கொடுத்துவிட்டு வரும். தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் ஆகிய மெயில் மென்பொருள்கள் இதில் மாட்டின. கணித ரீதியாகக் குறியீட்டை யாரும் உடைக்கவில்லை. படம் கேட்கும் பழக்கம்தான் கதவைத் திறந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த அல்ல. பெறுபவரின் மென்பொருள் உங்கள் லோகோவைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. எனவே படம் தெரியாமல் போகலாம் என்று எண்ணித்தான் கையொப்பத்தை அமைக்க வேண்டும்.

அப்படி எண்ணினால் முதலில் செய்ய வேண்டியது, பெயரையும் பதவியையும் தொலைபேசி எண்ணையும் எழுத்தாகவே வைப்பது. விசிட்டிங் கார்டையே படமாக்கி மொத்தக் கையொப்பமாக ஒட்டுகிற பழக்கம் நம் ஊர் அலுவலகங்களில் நிறைய. அதில் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, காப்பி செய்ய முடியாது, மெயிலில் தேடினால் கிடைக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதைப் படிக்காது. உரை குறைவாகவும் படம் பெரிதாகவும் இருக்கும் மெயில்களுக்கு ஸ்பாம் அசாசின் போன்ற வடிகட்டிகள் தனியாக மதிப்பெண் போடுகின்றன. படத்தைத் தடுத்துவிட்டால் யார் எழுதியது என்றே தெரியாது.

தமிழில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் முன்பு இருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று தமிழ் எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்க ஆளுக்கொரு குறியேற்றம் இருந்த காலத்தில், அனுப்பிய தமிழ் அந்தப் பக்கம் கிறுக்கலாகப் போய்ச் சேரும். படமாக அனுப்பினால்தான் நிச்சயம். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. எல்லோருக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010இல் ஏற்றுக்கொண்டது. எந்தக் கைபேசியிலும் தமிழ் எழுத்து தெரிகிறது. பொங்கல் வாழ்த்தை வண்ணப் படமாக அனுப்புவதில் தப்பில்லை, அதற்குக் கீழே இரண்டு வரி எழுத்தாகவும் இருந்தால்.

அந்த இரண்டு வரிக்கு மெயிலிலேயே ஓர் இடம் உண்டு. இமேஜ் டேகில் ஆல்ட் என்ற பகுதி. படம் வராவிட்டால் அந்த இடத்தில் தெரியும் எழுத்து அது. திரை வாசிப்பான் படிப்பதும் அதையே. அதில் லோகோ என்று எழுதுவது வீண். நிறுவனப் பெயரை எழுத வேண்டும். படத்துக்கு லிங்க் இருந்தால் எங்கே போகும் என்பதையும்: "விலைப்பட்டியல் பார்க்க" என்று எழுதியிருந்தால், படம் தடுக்கப்பட்டாலும் அந்த எழுத்தைத் தொட்டு லிங்குக்குப் போகலாம். ஆல்ட் தமிழில் இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அடுத்தது அளவு. 2007 முதல் விண்டோஸ் அவுட்லுக் மெயில்களைக் காட்டப் பயன்படுத்தியது பிரவுசர் இன்ஜினை அல்ல, வேர்டின் இன்ஜினை. மெயில் டெம்ப்ளேட் செய்பவர்கள் இன்றும் அட்டவணைக்குள் அட்டவணை போட்டு அவதிப்படுவது அதனால்தான். புதிய அவுட்லுக் வலை அடிப்படையில் வந்துவிட்டது, ஆனால் பழையது இன்னும் ஏராளமான மேசைகளில் இருக்கிறது. ஸ்டைலில் எழுதிய அகலத்தை அது கண்டுகொள்ளாது. இமேஜ் டேகிலேயே விட்த் (அகலம்) என்று எண்ணாகக் கொடுத்தால் கேட்கும். கொடுக்காவிட்டால் படத்தின் முழு அளவில், சில சமயம் திரையை அடைத்துக்கொண்டு, லோகோ வந்து நிற்கும். கைபேசித் திரையில் மங்கலாகத் தெரியாமலிருக்க 300 பிக்சல் அகலத்தில் படத்தைச் செய்து, விட்த் 150 என்று கொடுப்பது வழக்கம். பிஎன்ஜி அல்லது ஜேபெக் போதும். எஸ்விஜி வகைப் படம் ஜிமெயிலில் வராது. அசையும் ஜிஃபின் முதல் ஃப்ரேமை மட்டுமே பழைய அவுட்லுக் பதிப்புகள் காட்டும், ஆகவே சொல்ல வேண்டியதை முதல் ஃப்ரேமிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், பின்னணி இல்லாத பிஎன்ஜியில் கறுப்பு எழுத்து இருந்தால் டார்க் மோடில் லோகோ காணாமல் போகும். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் வைத்தால் தப்பிக்கலாம்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. ஜிமெயிலில் அமைப்புகளுக்குள் பொதுவானவை பக்கத்தில் கையொப்பப் பெட்டி இருக்கும். அதன் பட ஐகானைத் தொட்டால் மூன்று வழி காட்டும்: டிரைவிலிருந்து, கணினியிலிருந்து அப்லோட், அல்லது இணைய முகவரி. டிரைவிலிருந்து எடுத்தால் அந்தப் படம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுக்குத் தெரியும், பெறுபவருக்குத் தெரியாது. இணைய முகவரி கொடுப்பதானால், படத்தைக் காட்டும் பக்கத்தின் முகவரி அல்ல, பிஎன்ஜி அல்லது ஜேபிஜி என்று முடியும் படத்தின் சொந்த முகவரி வேண்டும். டிரைவின் ஷேர் லிங்கை இங்கே ஒட்டிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் அநேகம். படம் வந்ததும் அதன் மேல் ஒரு முறை சொடுக்கித் தேர்ந்தெடுத்து, லிங்க் ஐகானை அழுத்தி, போக வேண்டிய முகவரியை ஹெச்டிடிபிஎஸ் உட்பட முழுமையாகக் கொடுக்க வேண்டும். கையொப்பம் 10,000 எழுத்துக்குள் அடங்க வேண்டும். வேறெங்கோ செய்த டிசைனை ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஹெச்டிஎம்எல்லும் கணக்கில் வரும்.

டெம்ப்ளேட் வசதி ஜிமெயிலில் மேம்பட்ட அமைப்புகளில் ஒளிந்திருக்கிறது. அதை இயக்கினால் 50 வரை சேமிக்கலாம். சேமிக்கும் முன் கீழே தானாக வந்த கையொப்பத்தை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு பயன்படுத்தும்போது இரண்டு லோகோ நிற்கும். பழைய அவுட்லுக் ஒரே கையொப்பத்தை ஹெச்டிஎம்எல், ஆர்டிஎஃப், வெறும் உரை என மூன்று ஃபைல்களாக வைத்துக்கொள்ளும். உரை வடிவ மெயிலுக்குப் பதில் எழுதும்போது மூன்றாவதுதான் போகும், அதில் படம் கிடையாது. அதையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது; லோகோ போன இடத்தில் அர்த்தமில்லாத முகவரிகள் மட்டும் எஞ்சி நிற்பதுண்டு.

தொட்டால் போகும் முகவரிக்கு வருவோம். மெயிலில் படத்துக்குப் பின்னால் லிங்க் ஒளிந்திருப்பது மோசடிக்காரர்களுக்கும் பிடித்த வழி. வங்கி லோகோவைத் தொட்டால் வங்கிக்குப் போகாமல் வேறெங்கோ போகும். ஆகவே நேர்மையான நிறுவனம் செய்யக் கூடியது, தன் மெயில் முகவரியில் இருக்கும் அதே டொமைனுக்கு (@ குறிக்குப் பின் வரும் பெயருக்கு) லிங்க் கொடுப்பது. சுருக்கிய லிங்குகள் வேண்டவே வேண்டாம். அவற்றில் போகும் இடம் தெரியாது, ஸ்பாம் வடிகட்டிக்கும் பிடிக்காது. லோகோவுக்கு ஒரு லிங்க், தேவைப்பட்டால் ஒரு பேனருக்கு இன்னொன்று. நான்கு சமூக ஊடக ஐகான்களை யாரும் தொடுவதாக எனக்குத் தோன்றவில்லை. 1995இல் வெளியான இணைய நாகரிக வழிகாட்டி கையொப்பம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம் என்றது. அன்று பலர் இணையத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டினார்கள். இன்று பணம் கட்டுவதில்லை, ஆனால் ஆறு அங்குலத் திரையில் மூன்று வரிப் பதிலுக்குக் கீழே பதினைந்து வரிக் கையொப்பத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அந்த நான்கு வரி விதி இன்றைக்கும் சரிதான் என்பேன்.

உள்ளே வைப்பதா, லிங்க் படமா? தனி ஆள், சிறிய லோகோ என்றால் எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம். பல பேருக்கு ஒரே டெம்ப்ளேட் போகும் இடத்தில் லிங்க் படமே சரி. ஆனால் படம் சொந்த டொமைனில் இருக்க வேண்டும், வெளியே ஏதோ ஓர் இலவசப் படத்தளத்தில் அல்ல. அந்தத் தளம் ஒருநாள் மூடினாலோ விதியை மாற்றினாலோ அதுவரை போன அத்தனை மெயிலிலும் லோகோ போய்விடும். போன மெயிலைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாது என்பதுதான் இதில் முக்கியம். ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் 2019இல் அனுப்பிய விலைப்பட்டியலை வாங்குபவர் இன்று ஒரு தகராறுக்காகத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மென்பொருள் 2019இல் எழுதிய அதே முகவரிக்குத்தான் போகும். அங்கே படம் இருந்தால் தெரியும். அதே பெயரில் வேறு படத்தை வைத்திருந்தால், தீபாவளித் தள்ளுபடி பேனர் அந்தப் பழைய விலைப்பட்டியலின் அடியில் தோன்றும். ஜிமெயில் போன்றவை ஒரு நகலை வைத்துக்கொள்வதால் சிலருக்குப் பழையதும் சிலருக்குப் புதியதும் தெரியும், அது இன்னும் குழப்பம். டொமைனையே புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அதை வாங்கிய வேறு யாரோ உங்கள் பழைய மெயில்களில் தங்களுக்கு விருப்பமான படத்தைக் காட்டலாம், லிங்கும் அவர்களிடமே போய்ச் சேரும்.

ஆகவே பேனர் மாறும்போதெல்லாம் ஃபைல் பெயரையும் மாற்றுங்கள், பழைய ஃபைலை அழிக்காதீர்கள். வேர்ட்பிரஸ் தளத்தின் மீடியாவில் ஏற்றினால் படம் வருடம், மாதம் என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். தளத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பாதைகள்தான் முதலில் உடையும். மெயில் படங்களுக்கென்று தனி ஃபோல்டர் ஒன்று வைப்பது நல்லது. நம் படத்தை வெளியார் தங்கள் பக்கங்களில் நேரே எடுத்துக் காட்டும் படத் திருட்டைத் தடுக்க ஹோஸ்டிங்கில் போடும் ஹாட்லிங்க் தடையிலிருந்து அந்த ஃபோல்டருக்கு விலக்கு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மெயிலில் கேட்கும்போது சர்வர் கையை விரித்துவிடலாம். இணையதளத்தை மாற்றிச் செய்து தருபவரிடம், இந்த ஃபோல்டரைத் தொடக்கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எந்தெந்த மெயில்கள் அதை நம்பிக்கொண்டிருக்கின்றன என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.